மாயாவியின் மின்னல்: கேள்வி – பதில்

மின்னல் மந்திரம் வரும் கதைகளை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் நாவலின் நாயகி கையை நீட்டி மந்திரம் சொன்னால் விரல் நுனியிலிருந்து மின்னல் பாய்கிறது. படித்துப் பார்த்த நண்பர், "மின்னல் என்பதை எடுத்துவிட்டு அம்பு என்று போட்டாலும் காட்சி மாறாது" என்கிறார். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அம்புக்குப் புறப்படும் இடம் ஒன்று போதும். மின்னலுக்கு இரண்டு முனைகள் வேண்டும். ஓரிடத்தில் நேர்மின்னூட்டமும் இன்னோரிடத்தில் எதிர்மின்னூட்டமும் சேர்ந்துகொண்டே போக, இடையில் உள்ள காற்று தாங்க மாட்டாமல் கிழிவதுதான் மின்னல். உங்கள் நாயகியின் விரல் ஒரு முனை என்றால் மறுமுனை எது? அங்கே மின்னூட்டம் எப்படிச் சேர்ந்தது? இந்த இரண்டுக்கும் கதையில் விடை இல்லாததால்தான் அது அம்பு போலத் தெரிகிறது.

இயற்கையில் நடப்பதைப் பாருங்கள். இடிமேகத்துக்குள், வெப்பநிலை மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரை இருக்கும் உயரத்தில், மென்மையான பனிக்கட்டி உருண்டைகளும் நுண்ணிய பனிப்படிகங்களும் மோதிக்கொள்கின்றன. மோதலில் கனமான உருண்டைகள் எதிர்மின்னூட்டத்தையும் இலேசான படிகங்கள் நேர்மின்னூட்டத்தையும் பெறுகின்றன. மேலெழும் காற்று படிகங்களை மேகத்தின் உச்சிக்குத் தூக்கிச் செல்ல, உருண்டைகள் நடுப்பகுதியிலேயே தங்கிவிடுகின்றன. மேகத்தின் வயிற்றில் சேர்ந்த எதிர்மின்னூட்டம் கீழே தரையில் நேர்மின்னூட்டத்தைத் தூண்டுகிறது. பிறகு மேகத்திலிருந்து மங்கலான ஒரு கீற்று சுமார் 50 மீட்டர் பாய்ந்து, நொடியின் மிகச் சிறு துளி நேரம் நின்று, மறுபடி 50 மீட்டர் பாய்ந்து, கிளை பிரிந்தபடி இறங்குகிறது. அது தரையை நெருங்கும்போது மரம், கோபுரம், மனிதத் தலை என்று உயர்ந்து நிற்கும் எல்லாவற்றிலிருந்தும் சிறு கீற்றுகள் மேல்நோக்கிக் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்று இறங்கிவரும் கீற்றைத் தொட்டதும் பாதை முழுமையாகிறது. நாம் பார்க்கும் கண்கூசும் வெளிச்சம் அதன் பிறகு, தரையிலிருந்து மேகத்தை நோக்கி, நொடிக்கு ஏறக்குறைய 1 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது.

ஆக மந்திரம் செய்யக்கூடிய வேலைகள் மூன்று: மின்னூட்டத்தைப் பிரிப்பது, பாதை போடுவது, எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானிப்பது. மூன்றையும் நாயகியிடம் கொடுத்தால் அவளுக்கு எல்லையே இருக்காது. ஒன்றை மட்டும் கொடுங்கள். எங்கள் தேர்வு பாதை. பிரிக்கும் வேலையை மேகம் செய்துகொள்ளட்டும். அவள் காற்றில் ஒரு மெல்லிய தடத்தைச் சூடாக்கி, அங்கே அடர்த்தியைக் குறைத்து, மின்னல் எளிதாக ஓடும்படி செய்கிறாள். இது வெறும் கற்பனையல்ல. சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையுச்சியில் 2021இல் சக்திவாய்ந்த லேசரை வானத்தில் செலுத்தி, மின்னலை ஏறத்தாழ 50 மீட்டர் தூரம் அந்த ஒளிக்கற்றையை ஒட்டியே போகவைத்திருக்கிறார்கள்.

இப்படி அமைத்தால் உங்கள் காட்சியில் தானாகவே நிபந்தனைகள் வந்துவிடும். மேகம் வேண்டும். மேகம் திரண்டு முதல் மின்னல் விழ அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். ஒரு மின்னல் விழுந்தபின் மேகம் மறுபடி நிரம்பக் காத்திருக்க வேண்டும். சாதாரண இடிமேகம் நிமிடத்துக்குச் சில மின்னல்களே தரும். அந்த இடைவெளியில்தான் எதிரி ஓடிவருவான்.

கேள்வி: மேகமே வேண்டாம், மாயாவியின் உடலிலிருந்தே மின்னல் வர வேண்டும் என்றால்? அவனுக்கு எவ்வளவு களைப்பு ஏற்படும்?

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். ஒரு சராசரி மின்னலின் மொத்த ஆற்றல் சுமார் 100 கோடி ஜூல். மனிதன் ஒரு நாளில் உண்ணும் 2,000 கிலோகலோரி ஏறக்குறைய 84 லட்சம் ஜூல். அதாவது ஒரே ஒரு மின்னலுக்கு நான்கு மாதச் சாப்பாடு. உடலே ஆற்றலின் ஊற்று என்று எழுதினால் முதல் மந்திரத்திலேயே மாயாவி எலும்புக்கூடாகிவிடுவான்.

ஆனால் ஒரு மனிதனைக் கொல்ல 100 கோடி ஜூல் வேண்டியதில்லை. குலைந்துபோன தாளத்தைச் சீராக்க மருத்துவமனைகளில் இதயத்துக்குக் கொடுக்கும் மின் அதிர்ச்சியே 200 முதல் 360 ஜூல்தான். அது தவறான நேரத்தில் பாய்ந்தால் ஆரோக்கியமான இதயத்தையும் குலைக்கும். 360 ஜூல் என்பது ஒரு பருக்கைச் சோற்றின் சக்தி. ஆகவே "மின்னல் எறிந்து களைத்துப்போனான்" என்பது சிறு பொறிகளுக்குப் பொருந்தாது. இங்கே தடையாக நிற்பது தூரம். உலர்ந்த காற்று 1 சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். நீண்ட பொறிகள் தொடங்கிவிட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தத்திலேயே முன்னேறும் என்றாலும், 20 மீட்டர் தள்ளி நிற்பவனை எட்ட ஏறக்குறைய 1 கோடி வோல்ட் தேவை.

உயிரியல் அடிப்படை தேடுகிறவர்களுக்கு மின்விலாங்கு நல்ல முன்மாதிரி. 2019இல் தனி இனமாக வகைப்படுத்தப்பட்ட எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய் 860 வோல்ட் வரை வெளியிடுகிறது. ஒவ்வொரு மின்செல்லும் தருவது 0.15 வோல்ட் அளவு; ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் அழுத்தம் கூடுகிறது. உடலில் பெரும்பகுதி இதற்கே போய்விடுகிறது. அவ்வளவு இருந்தும் அந்த 860 வோல்ட் 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டாது. அது நீரில் வாழ்வதால்தான் அந்த ஆயுதம் வேலை செய்கிறது. உங்கள் உடல்வழி மாயாவியும் தொட்டால் மட்டுமே கொல்கிறவனாக இருக்கட்டும். கைகலப்பில் அவனைக் கண்டு எல்லோரும் நடுங்குவார்கள். பத்தடி தள்ளி நின்று கல்லெறிகிறவனிடம் அவன் தோற்பான். அந்தச் சமனின்மை கதைக்குப் பொன்.

கேள்வி: வேகமான வீரன் மின்னலிலிருந்து விலகித் தப்பிக்க முடியுமா?

பதில்: முடியாது. மேகத்திலிருந்து தரைக்கு முதல் கீற்று வந்துசேர 20 முதல் 30 மில்லிநொடி ஆகும். கண்ணால் பார்த்து மனிதன் அசையத் தொடங்கவே 200 மில்லிநொடி வேண்டும்.

ஆனால் மின்னல் விழுமுன் வரும் அறிகுறிகளிலிருந்து விலகலாம். தலைமயிரும் கைமயிரும் குத்திட்டு நிற்பது, தோலில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, உலோக முனைகளிலிருந்து கேட்கும் மெல்லிய சீறல், இருட்டில் ஈட்டி முனைகளிலும் பாய்மரக் கம்பங்களிலும் தெரியும் ஊதா நிறச் சுடர்: இவையெல்லாம் மின்புலம் முற்றிவிட்டது என்பதன் அடையாளங்கள். அனுபவமுள்ள உங்கள் வீரன் மின்னலைப் பார்ப்பவனல்ல, சீறலைக் கேட்பவன். கேட்ட கணத்தில் ஈட்டியைக் கீழே போட்டு, தாழ்வான இடத்துக்கு ஓடுவான். தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வதாக மட்டும் எழுதாதீர்கள். ஏன் என்பதைக் குதிரைப்படைக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மாயாவி மந்திரக்கோலால் மின்னலை இறக்கினால் அவனுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? கோல் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: மின்னல் மந்திரக் கதைகளில் அதிகம் கைவிடப்படும் பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் கோல். பச்சை மரத்தாலான கோல் வேண்டவே வேண்டாம். மின்னோட்டம் பாயும்போது உள்ளே உள்ள ஈரம் நொடியில் நீராவியாகி மரம் வெடித்துச் சிதறும். இடி விழுந்த மரத்தின் பட்டை உரிந்து தெறிப்பதும் இதனால்தான். உச்சி முதல் அடி வரை தொடர்ச்சியான செம்பு வேண்டும். கட்டடங்களின் இடிதாங்கியில் கீழிறங்கும் செம்புக் கம்பிக்குக் குறைந்தது 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு கேட்கிறார்கள். அது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி. சுண்டுவிரலை விட மெலிது. இவ்வளவு மெல்லிய கம்பி 30,000 ஆம்பியரைத் தாங்குவதற்குக் காரணம், பெரும் மின்னோட்டம் ஓடும் நேரம் நொடியின் மிகமிகச் சிறு பகுதி என்பதே. கம்பியில் கூர்மையான வளைவு இருக்கக் கூடாது. வளைவில் மின்னோட்டம் பாதையை விட்டு வெளியே தாவப் பார்க்கும். கோலைச் சுற்றி அலங்காரமாகச் சுருள்சுருளாகக் கம்பி சுற்றியிருப்பதாக வர்ணிப்பது ஓவியத்தில் அழகு. நடைமுறையில் அது சாவு.

அடுத்து அடிமுனை. அது மண்ணுக்குள் போக வேண்டும், ஈரம் தட்டும் ஆழத்துக்கு. பாறை மேலோ காய்ந்த மணலிலோ ஊன்றினால் மின்னோட்டம் உள்ளே இறங்காமல் தரைமேல் பரவும்; பக்கத்தில் நிற்பவர்கள் மேலும் தாவும்.

மூன்றாவது, கை. மின்னோட்டம் திடீரென எகிறும் அந்தக் கணத்தில் 2 மீட்டர் கம்பியின் உச்சிக்கும் அடிக்கும் இடையே லட்சம் வோல்ட் வரை வேறுபாடு தோன்றலாம். கோலைப் பிடித்திருப்பவனின் கையும் உடலும் காலும் அதற்கு இணையான இன்னொரு பாதையாகிவிடும். எனவே விவரம் தெரிந்த மாயாவி கோலை நட்டுவிட்டு விலகுவான். 30 மீட்டர் விலகி, இரு கால்களையும் ஒட்டிவைத்து நிற்பான். விலக முடியாத நிலை என்றால் தலை முதல் கால் வரை இடைவெளியில்லாத உலோக வலை உடுப்பு அவனைக் காக்கும்.

பூமியோடு இணைக்காத கம்பிக்கு வரலாற்றில் பலியானவர் உண்டு. 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் வில்ஹெல்ம் ரிக்மன் என்ற அறிவியலாளர், கூரைமேல் நட்ட கம்பியைத் தரையோடு இணைக்காமல், மின்னூட்டத்தை அளப்பதற்காக வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். புயலின்போது அளவுகருவியை உற்றுப்பார்க்கக் குனிந்தவரின் நெற்றியில் மின்னல் பாய்ந்து இறந்தார். உங்கள் மாயாவிகளின் குருகுலத்தில் முதல் பாடம் என்ன என்று கேட்டால், எங்கள் பதில்: "உன் மின்னல் எங்கே போய் முடியும் என்று சொல், பிறகு அதை அழை."

கேள்வி: இரும்புக் கவசம் அணிந்தவன் மின்னலில் வெந்துபோவான் என்றுதானே எல்லாக் கதைகளிலும் வருகிறது?

பதில்: உண்மை நேர் எதிர். முழு உடலையும் மூடிய உலோகக் கவசத்தில் மின்னோட்டம் வெளிப்பரப்போடு ஓடித் தரைக்குப் போய்விடும். மைக்கேல் ஃபாரடே 1836இல் உலோகத் தகட்டால் மூடிய கூண்டுக்குள் அமர்ந்து காட்டிய உண்மை இதுதான். கருகப்போகிறவன், தோல் உடுப்போடு வாளை மட்டும் உயர்த்திப் பிடித்தவன்.

கவசக்காரனுக்கும் ஆபத்துகள் உண்டு. அவற்றை வைத்து எழுதலாம். முழங்கால், தோள் மூட்டுகளில் தகடுகள் தொடாமல் இடைவெளி இருந்தால் அங்கே பொறி தாவி உள்ளே உள்ள துணியும் தோலும் வேகும். தோல் அடிப்பாகம் வைத்த காலணியானால் கவசத்தின் விளிம்பிலிருந்து தரைக்குப் பொறி பாயும். சங்கிலிக் கவசத்தில் மெல்லிய வளையங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டலாம். தலைக்கவசத்துக்கு அருகே வெடிக்கும் இடியில் செவிப்பறை கிழியும், பார்வை சில நிமிடங்கள் மங்கும். உயிர் தப்பி, காது கேளாமல், கவசத்தைக் கழற்ற முடியாமல் தள்ளாடி நிற்கும் வீரன். வெந்த பிணத்தை விட இவன் பக்கத்தில் கதை அதிகம்.

கேள்வி: ஒரு குதிரைப்படையை ஒரே மின்னலில் வீழ்த்த முடியுமா?

பதில்: குதிரைகளை வீழ்த்தலாம், மின்னல் அவற்றின் மேல் விழாமலே. மின்னோட்டம் விழுந்த இடத்திலிருந்து மண்ணில் வட்டமாகப் பரவும். தரையில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு வரும். ஒரு கால் ஒரு புள்ளியிலும் மறுகால் இன்னொன்றிலும் இருந்தால் உடல் வழியே மின்னோட்டம் ஏறி இறங்கும். ஈரமான மண், 30,000 ஆம்பியர் என்று வைத்துக் கணக்கிட்டால், 10 மீட்டர் தள்ளி 70 சென்டிமீட்டர் காலகற்றி நிற்கும் மனிதனுக்குச் சுமார் 3,100 வோல்ட். அதே இடத்தில் முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி உள்ள குதிரைக்குச் சுமார் 6,200 வோல்ட். மனிதனுக்கு அது ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடும். குதிரைக்கு முன்காலிலிருந்து பின்கால் வரை, இதயத்தைக் கடந்து போகும். ஒரே மின்னலில் மாட்டுமந்தை முழுவதும் சாய்வதற்கும் காரணம் இதுவே. 30 மீட்டர் தொலைவில் மனிதனுக்கு 360 வோல்ட்டாகக் குறைந்துவிடுகிறது.

நீட்டிப் படுத்தவன் குதிரையை விட மோசமான நிலையில் இருக்கிறான். தலைக்கும் காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்கு மேல். குந்தி, பாதங்களை ஒட்டிவைத்திருப்பவனுக்கு வேறுபாடு மிகக் குறைவு. போர்க்களத்தில் "கால்களைச் சேர்!" என்று ஒரு தளபதி கத்தினால் போதும், இந்த உலகில் மின்னலோடு போரிட்டுப் பழகிய படை இது என்று வாசகர் புரிந்துகொள்வார்.

கேள்வி: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டே போகும் சங்கிலி மின்னல் சாத்தியமா?

பதில்: தரையில் நிற்பவர்களிடையே நடப்பது கடினம். முதல் ஆளின் கால் வழியே தரை பக்கத்திலேயே இருக்கும்போது, பல மீட்டர் காற்றைக் கிழித்து அடுத்தவனிடம் போக மின்னோட்டத்துக்கு அவசியம் இல்லை. மரத்தில் விழுந்த மின்னல் அடியில் ஒதுங்கியவர் மேல் தாவுவது உண்டு. அதுவும் சில மீட்டருக்குள்தான்.

சங்கிலி வேண்டுமென்றால் தரையை விலக்குங்கள். உலர்ந்த மரப் பாலத்தில் ஒருவரை ஒருவர் இரும்புச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு நடக்கும் கைதிகள். கடைசி ஆள் மட்டும் மறுகரை மண்ணில் கால் வைத்துவிட்டான். இப்போது முதல்வன் மேல் விழும் மின்னோட்டம் எல்லோரையும் கடந்துதான் போக வேண்டும். 1746இல் பிரான்ஸில் நோலே என்ற பாதிரியார், மன்னர் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து ஒரு லெய்டன் சாடியின் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குப்பி) மின்னை அவர்கள் வழியே செலுத்தினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். ஒருவர் பின் ஒருவராக அல்ல, ஒரே நேரத்தில் என்பதைக் கவனியுங்கள். தாவித்தாவிப் போகும் அழகான தாமதம் திரைக்காக உண்டானது.

கேள்வி: மின்னல் தாக்கியவரைக் கதையில் குணப்படுத்துபவர் எப்படிக் காப்பாற்றுவார்? காயம் எப்படி இருக்கும்?

பதில்: சாம்பலாகிவிடுவதாக எழுதாதீர்கள். மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அமெரிக்காவில் ராய் சல்லிவன் என்ற பூங்காக் காவலர் 1942 முதல் 1977 வரை 7 முறை தாக்கப்பட்டும் உயிரோடிருந்தார். மின்னோட்டத்தில் பெரும்பகுதி தோலின் மேலாகவே வழுக்கி ஓடிவிடுவது ஒரு காரணம். நேரம் மிகக் குறைவு என்பது இன்னொன்று.

காயங்கள் விசித்திரமானவை. வியர்வை ஆவியாகி விரிவதால் உடை கிழியும், காலணி தெறித்துப்போகும். கழுத்துச் சங்கிலி சூடேறி அதன் வடிவத்திலேயே சூடு வைக்கும். முதுகிலோ தோளிலோ பெரணி இலை விரித்ததுபோலச் சிவந்த கோலம் தோன்றி, ஓரிரு நாளில் சுவடின்றி மறையும். அது நெருப்புக் காயமல்ல, அதனால் தழும்பும் ஆகாது. கதைகளில் இதை வாழ்நாள் முழுக்க இருக்கும் மந்திர முத்திரையாக்கிவிடுகிறார்கள். இரண்டு நாளில் மறைந்துவிடும் சாட்சியாக வைத்தால் இன்னும் கூர்மையாக இருக்கும்: மறைவதற்குள் அதை யாரிடமாவது காட்டியாக வேண்டும். கால்கள் நீலம்பாரித்துச் சில்லிட்டு, சில மணிநேரம் அசைவின்றிக் கிடந்து, பிறகு தாமாகவே உயிர்பெறுவதும் உண்டு. வாரக்கணக்கில் கழித்துக் கண்புரை வரலாம். ஞாபகமறதி, தூக்கமின்மை, தீராத நரம்பு வலி ஆண்டுக்கணக்கில் தொடரலாம்.

குணப்படுத்துபவருக்கான விதி, சாதாரணப் போர்க்களத்தில் உள்ளதற்கு நேர்மாறானது. மின்னல் பலரைத் தாக்கியிருந்தால், முனகுகிறவர்களை விட்டுவிட்டு, செத்தவர்போலக் கிடப்பவர்களிடம் முதலில் போக வேண்டும். முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அசைவற்றுக் கிடப்பவரின் இதயம் நின்று தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கலாம். ஆனால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி அதைவிட நேரம் கழித்தே விழிக்கும். இடைப்பட்ட நேரத்தில் யாராவது வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் அவர் திரும்பிவருவார். இல்லையென்றால் துடிக்கத் தொடங்கிய இதயம் காற்றின்றி மறுபடி நிற்கும். தாக்கப்பட்டவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, உடனே தொடலாம். "தொடாதே, இன்னும் மின்னல் அவனுக்குள் இருக்கிறது!" என்று ஒரு பாத்திரம் கத்துவது கதையில் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அதை நம்பி நிஜத்தில் ஒருவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் ஓர் உயிர் போகும்.

கேள்வி: ஏரியில் மின்னல் இறங்கினால் அதில் உள்ள எல்லாம் சாகுமா?

பதில்: இல்லை. மின்னோட்டம் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே பக்கவாட்டில் பரவி, தூரம் போகப்போக மெலியும். ஆழத்தில் உள்ள மீன் தப்பும். தலையை வெளியே நீட்டி நீந்துகிறவனும் படகில் நிற்பவனும்தான் மாட்டுவார்கள்.

கேள்வி: மந்திரமே இல்லாத வில்லாளி ஒருத்தி, மெல்லிய கம்பி கட்டிய அம்பால் மேகத்திலிருந்து மின்னலை இறக்குவதாக எழுதலாமா?

பதில்: நல்ல யோசனை, கிட்டத்தட்ட நடக்கக்கூடியது. ஆய்வாளர்கள் செய்வது இதுவே: சிறு ராக்கெட்டின் வாலில் மெல்லிய செம்புக் கம்பியைக் கட்டி, இடிமேகத்தின் அடியில் நொடிக்கு 200 மீட்டர் அளவு வேகத்தில் ஏவுகிறார்கள். சில நூறு மீட்டர் ஏறியதும் மின்னல் கம்பியைப் பிடித்து இறங்கும், கம்பி ஆவியாகிவிடும்.

உங்கள் வில்லாளிக்கு இரண்டு இடையூறுகள். 0.2 மில்லிமீட்டர் கம்பி 300 மீட்டருக்கு ஏறக்குறைய 85 கிராம்; அம்பை விடக் கனம். நொடிக்கு 60 மீட்டரில் புறப்படும் அம்பு, காற்றின் தடையும் கம்பியின் பாரமும் இல்லாவிட்டாலும் 185 மீட்டருக்கு மேல் ஏறாது. மெதுவாக ஏற்றினாலும் பயனில்லை. கம்பி நுனியிலிருந்து கசியும் மின்னூட்டம் சுற்றிலும் ஒரு போர்வைபோலச் சேர்ந்து நுனியை மறைத்துவிடும். அதை முந்திக்கொண்டு ஓடும் வேகம் வேண்டும். மலைமுகட்டில் நின்று எய்யவிடுங்கள், அல்லது அம்பை மேலே தள்ள ஒரு காற்று மாயாவியைக் கூட்டுச் சேருங்கள். கம்பியின் கீழ்முனையை அவள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மேகமே இல்லாத பாலைவனம், நிலவறை போன்ற இடங்களில்?

பதில்: துகள்கள் உரசும் எங்கும் மின்னூட்டம் பிரியும். எரிமலைச் சாம்பல் புகையில் மின்னல் வெட்டுவது இதனால்; மணற்புயலிலும் காற்று மின்னேறும். அசையாத காற்றுள்ள நிலவறையில் ஒன்றுமில்லை. அங்கே உங்கள் மாயாவி வெறும் மனிதன். பாலைவனத்தில் இன்னொரு வசதி: மின்னல் மணலில் இறங்கினால் மணல் உருகிக் குழல்வடிவக் கண்ணாடியாக உறையும். வேர்போலக் கிளைத்த அந்தக் குழலைத் தோண்டி எடுத்து, எப்போதோ நடந்த மாயப்போரின் தடயமாகக் காட்டலாம்.

கேள்வி: மின்னலைத் தாயத்தில் சேமிக்கலாமா?

பதில்: மிகச் சிறிதளவு. 1740களில் கண்டுபிடிக்கப்பட்ட லெய்டன் சாடி, உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிக் குப்பி, இதற்கான எளிய வடிவம். ஒரு சிறு சாடி 30,000 வோல்ட்டில் அரை ஜூல் அளவுக்குத்தான் வைத்திருக்கும். நூறு சாடிகளை இணைத்தால் 50 ஜூல். அது ஆளைத் தூக்கியடிக்கும். ஒரு முழு மின்னலை அடைக்க 200 கோடி சாடிகள் வேண்டும். கண்ணாடியில் ஈரம் படிந்தால் சேர்த்ததெல்லாம் கசிந்துபோகும். ஈரத்துணியால் துடைத்து எதிரியின் தாயத்தை வெறுங்குப்பியாக்கும் பணிப்பெண் ஒருத்தியை யாராவது எழுதினால் ஆவலோடு படிப்போம்.

கேள்வி: உலகின் மிகப் பெரிய மின்னல் எவ்வளவு நீளம்? அதற்கு மேல் கற்பனை செய்ய வேண்டும்.

பதில்: 829 கிலோமீட்டர், 2017 அக்டோபர் 22, அமெரிக்கா. நேரத்தில் நீண்டது 17.1 நொடி, 2020 ஜூன் 18, உருகுவே – வட அர்ஜென்டினா வானில். இதைத் தாண்டுவது உங்கள் பாடு.

கேள்வி: சத்தம், மணம், நிறம் ஆகியவற்றை எப்படி வர்ணிப்பது?

பதில்: தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஒலி 1 கிலோமீட்டர் வர 3 நொடி. மிக அருகில் விழுந்தால் உருட்டல் கேட்காது. ஒரு சொடுக்கு, உடனே சாட்டையடிபோல ஒற்றை வெடிப்பு. தொலைவில்தான் உருண்டு முழங்கும். நீண்ட மின்னல் தடத்தின் பல பகுதிகளிலிருந்து ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்துசேர்வதால் அப்படி. 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் வெளிச்சம் மட்டுமே.

மின்னல் நடுங்குவதுபோலத் தெரிவதை மறக்காதீர்கள். ஒரே தடத்தில் மூன்று நான்கு வீச்சுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 50 மில்லிநொடி அளவு இடைவெளி. கண் அதை மினுமினுப்பாக உணரும். தடத்தின் வெப்பம் 30,000 கெல்வின் வரை, சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. ஆனால் தடத்தின் பருமன் சில சென்டிமீட்டர்தான். மணம் ஓசோனுடையது: மூக்கின் உள்பக்கம் சுள்ளென்று, சலவைத்தூளை நினைவூட்டும். நிறம் அருகில் நீலம் கலந்த வெண்மை. இடையே தூசி அதிகமானால் செம்மஞ்சள்.

கேள்வி: மின்னல் மந்திரங்களுக்குத் தமிழில் பெயர் வைக்கத் திணறுகிறேன். ஆங்கிலப் பெயர்களே மனதில் வருகின்றன.

பதில்: தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. உருமு என்பது இடிக்குச் சங்கப் பாடல்களில் வரும் சொல். உருமேறு, இடியேறு என்றால் பேரிடி. அசனி, குலிசம், வச்சிரம் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றன. கிளைவிட்டு இறங்கும் முதல் கீற்றுக்கு மின்னற்கொடி பொருத்தமாக அமையும். தரையிலிருந்து எழும் பேரொளி வீச்சுக்கு உருமேறு. இரண்டையும் தனித்தனி மந்திரமாக்கினால், கொடியை ஒருத்தி விட, ஏற்றை இன்னொருத்தி எழுப்புவதாக அமைக்கலாம். "மின்" என்று தொடங்கும் புதுச்சொற்களில் கவனம் தேவை. மின்வெட்டு என்று ஒரு மந்திரத்துக்குப் பெயர் வைத்தால் வாசகர் மெழுகுவத்தி தேடப் போய்விடுவார்.

இன்னொன்று. பேச்சுவழக்கில் நாம் "இடி விழுந்தது" என்கிறோம். தாக்குவது மின்னல், இடி அதன் ஓசை. இந்த வித்தியாசத்தைப் பாத்திரங்களின் பேச்சிலேயே வைத்துவிடலாம். ஊர்மக்கள் எல்லோரும் இடி விழுந்ததாகவே சொல்லிக்கொண்டிருக்க, புதிதாக வந்த ஒருவன் மட்டும் "மின்னல் எங்கே இறங்கியது?" என்று கேட்கட்டும். அவன் யார் என்பது கிழவி ஒருத்திக்கு அப்போதே தெரிந்துவிடும்.